க்ளோசிங் அண்ணாச்சிக்கு வந்த வேலை

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கிற கால்களில் பாதி, எங்கள் க்ளோசிங் அண்ணாச்சி காப்பாற்றிக் கொடுத்தவை. மீதிக் கால்களுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் ஊருக்கு வந்து விசாரித்துக்கொள்ளலாம்.

நான் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த நர்சிங் ஹோமில் அவர் டிரஸ்ஸிங் போடுகிறவர். சர்க்கரைப் புண், தறியில் பட்ட காயம், சைலன்சர் சூடு எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். ஒரு புண் முழுக்க மூடிவிட்டால் அந்த ஆளைச் செருப்பு மாட்டச் சொல்லி, ஹாலின் குறுக்கே நடக்கவிட்டு, "க்ளோசிங்!" என்று ஒரு சத்தம் போடுவார். ஊசிக்குக் காத்திருக்கும் குழந்தைகள் அலறும். டாக்டர் எத்தனையோ முறை கண்டித்துப் பார்த்தார். கடைசியில் அவரே எட்டிப் பார்த்துக் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நாள் மதுரையிலிருந்து ஒரு கம்பெனி மேனேஜர் வந்தார். புண்ணில் ஸ்பாஞ்ச் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, குழாய் வழியாக நீரை உறிஞ்சி எடுக்கிற மெஷின் விற்கும் கம்பெனி. அண்ணாச்சி கட்டுப் போடும் அழகைப் பார்த்தவர், "எங்களுக்கு சேல்ஸ் பண்ண வாங்களேன்" என்று கூப்பிட்டுவிட்டார். டை, பேக், பெயர் போட்ட கார்டு. வெளியூர் நோயாளிகள் இருபது வருடமாக "ஏ கட்டுக்காரரே" என்று கூப்பிட்ட மனுஷனுக்கு ஆசை வராமல் இருக்குமா? அவர் போய்விட்டால் இந்த ஊர்க் கால்களை யார் பார்ப்பது என்று நாங்கள்தான் பயந்துபோனோம்.

"அவுக என்னைய பாத்தாச்சு. நான் அவுகள பாக்கணும்லா" என்றார் அண்ணாச்சி. மேனேஜரிடம் ஒரு மெஷினை இரவல் வாங்கி, புண்ணே இல்லாத தன் காலில் ஒட்டிக்கொண்டார். மூன்று நாள் கழற்றவில்லை. தோளில் டப்பா, வேட்டிக்குள்ளிருந்து குழாய். பஸ்ஸில் அது கீக்கீ என்று கத்த, கண்டக்டர் "யாரு போனுவே அது? எடும்வே!" என்று அதட்ட, இவர் "போனு இல்லவே, காலு" என்றாராம். நாலாம் நாள் கழற்றினால் தோல் வெந்து ஒரு கொப்புளம். புண் ஆற்றுகிற மெஷினை மாட்டிப் புண் வாங்கியவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"நல்ல தோலு மேல ஸ்பாஞ்சு படக்கூடாதுட்டி, தெரிஞ்சுபோச்சுலா" என்றார் என்னிடம், பரம திருப்தியாக. அப்புறம் டாக்டர் சொல்லி, திருவேங்கடத்து விவசாயி ஒருவரின் குதிகால் புண்ணில் போட்டார். மூன்று வாரத்தில் புண் பாதியாகிவிட்டது. மெஷின் பாஸ். இனி அண்ணாச்சியைப் பிடித்துவைக்க எங்களிடம் ஒரு சாக்கும் இல்லை.

மேனேஜர் மறுபடி வந்தார். என் மேஜைக்கு முன்னால் இருந்த பெஞ்சில்தான் பேச்சு. டோக்கன் எழுதுகிற சாக்கில் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"மாசம் எட்டு க்ளோசிங் வேணும் அண்ணாச்சி. முடியுமா?"

"எட்டா? நான் இங்கன இருந்துக்கிட்டே பத்து பன்னெண்டு பண்ணுதேன் சார்!"

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. "பத்து மெஷினா?"

"மெஷினு இல்ல சார், புண்ணு."

"புண்ணு இல்லண்ணாச்சி, ஆர்டர். ஆர்டர் கையில வந்தாத்தான் எங்களுக்கு க்ளோசிங்."

அண்ணாச்சி மேனேஜர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அப்போ அந்தப் புண்ணு ஆறிச்சான்னு யாரு போய்ப் பாப்பா?"

"அதை ஆஸ்பத்திரியில பாத்துக்குவாங்க. நீங்க அடுத்த ஊருக்குப் போயிரணும்."

"சாதாக் கட்டே போதும்ங்கிற புண்ணுன்னா, மெஷினு வேண்டாம்னு சொல்லலாமா?"

"நீங்க ஏன் அண்ணாச்சி அதைச் சொல்லணும்?"

மாதிரிக்கு என்று மேனேஜர் அடித்துக் கொண்டுவந்த கார்டு அண்ணாச்சி மடியில் இருந்தது. அண்ணாச்சியின் பெயர் கொட்டை எழுத்தில். அதை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு மேனேஜரிடமே திருப்பி நீட்டினார்.

"மெஷினு தங்கம் சார். டாக்டர்ட்ட சொல்லி ஒண்ணு வாங்க வைக்கேன். இந்த வேலை மட்டும் எனக்குச் சரிப்படாது. மூடுச்சா இல்லையான்னு பாக்காம அடுத்த ஊருக்குப் போனா எனக்குக் கண்ணு மூடாது."

சொல்லிவிட்டு, கட்டுப் பிரிக்கக் காத்திருந்த திருவேங்கடத்துக்காரரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனார். எனக்கு வந்த பெருமையில் மூன்று பேருக்கு ஒரே டோக்கன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்று ஹாலில் நடந்த சண்டையை டாக்டரே வந்துதான் தீர்த்துவைத்தார்.

"நீங்க சரின்னு சொல்லியிருந்தாலும் சந்தோஷமாத்தான் அனுப்பியிருப்போம் அண்ணாச்சி" என்று இன்றுவரை அவரிடம் சொல்லிவருகிறேன். பச்சைப் பொய்.