எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கைதட்டு

"நீங்கள் மைதானத்துக்குப் போகேலாது," என்று படலையை மறித்துக்கொண்டு நின்றாள் மனைவி யோகம்மா.

"என்ர மகள் நாட்டுக்காக விளையாடுறாள். நான் போகாமல் ஆர் போறது?"

"ஆரும் போகட்டும். உங்கட வாய் போகக் கூடாது."

இராசநாயகத்தின் வாய் அப்படிப்பட்டது. திருகோணமலைத் துறைமுகத்தடியில் அவருடைய நாவூறுக்குப் பயப்படாத ஆளில்லை. பக்கத்து வளவுக்காரன் வள்ளத்துக்குப் புது எஞ்சின் பூட்டிய அன்று, "என்ன அருமையான சத்தம்!" என்றார். எஞ்சின் மூதூருக்குப் பாதி வழியில் நின்றது. சாம்பல்தீவில் ஒரு முருங்கையைப் பார்த்து, "இப்பிடிக் காய்ச்சு நான் காணேல்லை" என்றார். காற்றே இல்லாமல் முருங்கை முறிந்தது. மகள் லக்சாயினி பள்ளிக்கூடத்தில் ஓடியபோது, "மான்குட்டி போல ஓடுறாள்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். மான்குட்டி ஒரு மாதம் காலில் பத்துப் போட்டுக்கொண்டு கிடந்தது.

மனிதர் ஒருவரையும் நம்பமாட்டார். மீன்காரனின் தராசை நம்பமாட்டார், டாக்குத்தர் தந்த குளிசையை நம்பமாட்டார். தன் நாக்கை மட்டும் முழுசாக நம்பினார்.

இன்றைக்கு மலேசியாவோடு பெண்கள் ஹொக்கி. லக்சாயினிக்கு இதுதான் முதல் சர்வதேசப் போட்டி. இதில் சறுக்கினால், அடுத்த வெளிநாட்டுப் பயணத்துக்கு அவளை எடுக்கமாட்டினம்.

"பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல சொல்லும் சொல்லமாட்டன். சத்தியம்."

"கோணேசர் மேல?"

"கோணேசர் மேல."

யோகம்மா படலையை விட்டாள். ரோட்டு முடக்கில் திரும்பும்போதுதான் இராசநாயகத்துக்கு அந்த யோசனை வந்தது. மகளைப் பற்றித்தானே சொல்லக் கூடாது? மலேசியாக்காரியளைப் பற்றிச் சொல்லலாம்தானே?

உள்ளூர்ச் சனத்துக்கு நடுவில் இடம்பிடித்தார். மலேசியாவின் ஒன்பதாம் நம்பர்க்காரி பந்தோடு பறந்து வந்தாள்.

"ஆகா! என்ன ஓட்டம்! காத்தாலும் பிடிக்கேலாது!" என்று எழும்பிக் கைதட்டினார்.

ஒன்பதாம் நம்பர் தன் தடியிலேயே தடக்கிக் குப்புற விழுந்தாள்.

இராசநாயகத்துக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. அடுத்ததாக அவர்களுடைய கோல் காக்கிறவளைப் பிடித்தார். "மதில் மாதிரி நிக்கிறாளப்பா! ஈ போகாது!" ஈ போகவில்லைத்தான். பந்து அவள் காலுக்குள்ளால் போயிற்று. இலங்கைக்கு ஒரு கோல்.

பக்கத்தில் கிண்ணியாவிலிருந்து வந்த பஹ்மி என்ற பொடியன் திரும்பிப் பார்த்தான். "ஐயா, உங்கட பாஸ்போட் எந்த நாட்டுது?"

"விளையாட்டெண்டால் அப்பிடித்தான் தம்பி. ஆர் நல்லா விளையாடினாலும் தட்டவேணும்."

"அப்ப அங்கால போய்த் தட்டுங்க. இஞ்ச எங்களுக்குக் காது வலிக்குது."

பின்வரிசையிலிருந்து கச்சான் கடலைக் கோதுகள் பறந்து வந்தன. அவற்றைத் தள்ளிக்கொண்டு, சட்டையில் அட்டை குத்திய ஓர் ஆசிரியை ஓடிவந்தார். போட்டி நடத்தும் குழுவைச் சேர்ந்த பல்கீஸ் டீச்சர்.

"ஐயா, இப்படி ஓர் ஆளைத்தான் நாங்க தேடிட்டு இருந்தம்! பண்பான ரசிகருக்கு ஒரு கிண்ணம் வச்சிருக்கம். வாங்க, விருந்தாளிகளோட இருங்க."

"வேண்டாம் டீச்சர், இஞ்சயே..."

"வெட்கப்படாதீங்க!"

உண்மையைச் சொல்லவும் ஏலாது. இழுபட்டுப் போனார். மலேசியக் கூடாரத்தில், முன்வரிசைக் கதிரையில் இருத்தி, கையில் அந்த நாட்டுக் கொடியையும் கொடுத்துவிட்டார்கள். மைதானத்திலிருந்து லக்சாயினி அதைக் கண்டாள். கண்டவள் கண்டபடி நின்றாள். பந்து அவளைக் கடந்து போயிற்று.

பக்கத்துக் கதிரையில் கறுப்புக் கண்ணாடி, தொப்பி, மலேசியச் சட்டையோடு ஒருவர் இருந்தார். திடீரென்று அவர் எழும்பி, ஏழாம் நம்பர்ச் சட்டை போட்ட லக்சாயினியைக் காட்டி, "செவன்! வெரி குட்! சூப்பர்!" என்று கத்தினார்.

இராசநாயகத்துக்குச் சந்தேகம் வந்தது. எதிராளி என்னத்துக்கு என்ர பிள்ளைக்குத் தட்டுறான்? மேலும் கீழும் பார்த்தார். மனிதர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

லக்சாயினி வழுக்கி விழுந்தாள். அவர் இன்னும் பலமாகத் தட்டினார். அவள் கையிலிருந்து தடி கழன்று பறந்தது. "பியூட்டிஃபுல்!" என்றார். அந்தக் குழப்பத்தில் மலேசியா கோல் போட்டுச் சமன் செய்தது.

இராசநாயகத்தின் நெஞ்சு இளகிவிட்டது. பிள்ளை விழ விழத் தட்டுகிறானே! இதுவல்லவோ மனம்! பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு மனிதனை நம்பினார். நம்பியவுடன் வெட்கமும் வந்தது. இனி மலேசியாக்காரியளைப் புகழுவதில்லை என்று வாயை மூடிக்கொண்டார். அவர்கள் எழும்பி நின்று நன்றாக ஆடத் தொடங்கினார்கள்.

வெள்ளைக்காரப் பாஷை பேசுகிற ஆளுக்கு விளங்கவா போகுது என்று, தமிழிலேயே மனதைக் கொட்டினார்.

"தம்பி, நீர் தங்கமான ஆள். நான்தான் கள்ளன். என்ர நாக்கு கருநாக்கு. உங்கட பிள்ளையள விழுத்தத்தான் நான் தட்டினனான்."

மனிதர் தலையாட்டிச் சிரித்தார்.

பாவம், தொண்டை காய்ந்திருக்கும் என்று தன் பிளாஸ்க்கில் இருந்த இஞ்சிப் பிளேன் டீயை ஊற்றிக் கொடுத்தார். "செவன் எண்டு சொல்லாதையும். பேரைச் சொல்லும். லக்-சா-யி-னி."

"லக்சாயினி!" என்றார் அவர், பிசகில்லாமல்.

"கெட்டிக்காரன்! இன்னும் பலமாய்!"

"லக்சாயினி! அருமை!" என்று கூடாரம் அதிர்ந்தது. சனத்தின் இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை, இராசநாயகத்துக்குப் பெயர் கேட்டதே போதும். லக்சாயினி, ஆளில்லாத கோலுக்கு முன்னால் நின்று பந்தை வெளியே அடித்தாள்.

"பிள்ளைக்கு உற்சாகம் காணாது," என்று இராசநாயகம் இன்னொரு கோப்பை ஊற்றினார்.

நேரம் முடிந்தும் ஒன்றுக்கு ஒன்று. இனி ஒவ்வொருத்தியாகப் பந்தோடு போய், கோல் காக்கிறவளை மட்டும் தாண்டி அடிக்கவேண்டும். அதிலும் சமனாகவே வந்தது. கடைசி அடி லக்சாயினிக்கு. போட்டால் வெற்றி. பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்து மனிதர் எழும்பினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

இந்த நேரத்திலும் என்ர பிள்ளைக்காகவா! இராசநாயகத்தால் தாங்க ஏலவில்லை.

"தம்பீ!" என்று பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்தார். மனிதரின் முகம் இராசநாயகத்தின் தோளுக்குள் புதைந்தது. "ம்ம்... ம்ம்ம்..." என்று திமிறினார். அன்பு கூடித் துடிக்கிறான் என்று இராசநாயகம் இன்னும் இறுக்கினார்.

மைதானம் வெடித்தது. பந்து வலைக்குள் கிடந்தது.

பல்கீஸ் டீச்சர் ஒலிபெருக்கியில் அழாத குறையாகப் பேசினார். "எதிரணிக்குக் கைதட்டிய இந்த இரண்டு பெரியவர்களுக்கும் பண்பான ரசிகர் கிண்ணத்தைச் சேர்த்தே கொடுக்கிறம்!" காது வலிக்குதென்று விரட்டிய பஹ்மியும் எழும்பித் தட்டினான்.

லக்சாயினி வியர்வையோடு ஓடிவந்தாள். "அப்பா, முதல்ல அந்தக் கொடியைக் கீழ வையுங்கோ."

"பயணம்?"

"கோச் சேர் என்ர பேரையும் சேர்த்திட்டார். நீங்கள் வாயைத் திறந்திடாதையுங்கோ!"

இராசநாயகம் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் மட்டும் சிரித்தார்.

கிண்ணத்தின் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து, இராசநாயகத்தின் காதோடு, தெளிவான தமிழில் கேட்டார்:

"அண்ணே, எங்க ஊர்ல நான் நல்லாருக்குன்னு சொன்ன வாழமரம்கூட மறுநாள் நிக்காது, அதுக்காகவே எங்க டீம்ல ஆடுற என் மக என்னைப் பிளேன் ஏத்திக் கூட்டிட்டு வந்தா, கடைசி நேரம் பார்த்து என் வாயைப் பொத்தினீங்களே, எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"