ஏழு போத்தலும் ஒரு ரோஜா வாசமும்

அழகன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். தன் வீட்டுக் கண்ணாடிக்குக் கீழே இனிமேல் ஏழு போத்தல் இருக்கக்கூடாது. ஒன்றே ஒன்றுதான். அதுவும் வாசம் இல்லாத ஒன்று. பெண்டாட்டி கிருஷாந்தி அழுதாலும் சரி, இரண்டு நாள் சோறு போடாவிட்டாலும் சரி, மாற்றமே இல்லை. பெக்டரியிலிருந்து வீட்டுக்கு மலையேறி வருகிற வழியில் இதை நாலு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். தேயிலைச் செடிகள் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. அதனால் கொஞ்சம் தைரியம் வந்தது.

வினை ஆரம்பித்தது திங்கட்கிழமை.

அழகனுக்கு வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில், தூள் சலிக்கும் அறையில் மேற்பார்வை வேலை. காய்ந்து வந்த தேயிலையைச் சல்லடையில் விட்டு எட்டு ரகமாகப் பிரிக்கிற இடம் அது. தேயிலைத் தூளுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் சத்தம் போடாமல் இழுத்து வைத்துக்கொள்ளும். ஒருத்தி மல்லிகை வைத்துக்கொண்டு போய் நின்றால், எங்கோ சீமையில் ஒருவன் மல்லிகை வாசத்தோடு டீ குடிப்பான். குடித்துவிட்டு மூட்டையைத் திருப்பி அனுப்புவான். ஆகவே அந்த அறைக்குள் பூ கூடாது, பவுடர் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது. இந்தச் சட்டத்தைப் பதினோரு வருஷமாகக் கட்டிக் காக்கிறவன் அழகன். தீபாவளிக்கு மறுநாள், தண்டு பொறுக்குகிற அம்மாக்கண்ணுவின் கொண்டையில் ஒற்றை இதழ் ஒட்டியிருந்தது என்று வாசலிலேயே நிறுத்தி, தலையை உதறிவிட்டு வரச் சொன்னான். அம்மாக்கண்ணு அதை மறக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, சல்லடை ஓடத் தொடங்குவதற்கு முன்னாலேயே, டீமேக்கர் குணரத்தினம் ஐயா அறைக்குள் வந்தார். பெக்டரியில் தேயிலை சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அவர்தான் தலை. யாழ்ப்பாணத்துக்காரர். வந்தவர் சல்லடையைப் பார்க்கவில்லை, தூளைப் பார்க்கவில்லை. நேராக அழகனிடம் வந்து, அவன் காதோரம் மூக்கை நீட்டினார்.

"என்ன காணும், ரோசாப்பூ மணக்குது?"

"எங்கங்க ஐயா?"

"இஞ்சதான். உம்மட கன்னத்தில."

அழகனுக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. ஒரு வாரமாகச் சளி. மாசி மாதப் பனி மூக்கை மொத்தமாக அடைத்து வைத்திருந்தது. "யாராச்சும் பூ வச்சிக்கிட்டு வந்திருப்பாங்க ஐயா," என்று அம்மாக்கண்ணு பக்கம் பார்த்தான். அவள் திரும்பி, வெறும் கொண்டையைக் காட்டினாள். காட்டிவிட்டு, தேவைக்கு அதிகமாகவே கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"இன்னொருக்கா இந்த மணத்தோட வந்தீரெண்டால், உம்மை மேல்மாடிக்கு மாத்திப் போடுவன்," என்றார் குணரத்தினம் ஐயா.

மேல்மாடி என்றால் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற இடம். அழகன் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த இடம். அங்கிருந்து கீழே இறங்கி, சலிக்கிற அறைக்கு அதிகாரியாக வர அவனுக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. திரும்ப மேலே ஏறுவது என்றால், ஊரே அவனைக் கீழே இறக்கிப் பேசும்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடலாம். வாசம் வந்தது அழகன் கன்னத்திலிருந்துதான். இரண்டு வருஷத்துக்கு மேலாக அவன் பெண்டாட்டியின் ராத்திரிக் கிரீமைத் திருடிப் பூசி வருகிறான். விடியற்காலையில், அவள் அடுப்படியில் இருக்கும்போது, கட்டை விரலால் ஒரு தோண்டு. பாவம், அவன் மேலும் தப்பில்லை. நாள் முழுக்கத் தூள் பறக்கிற அறை, வெளியே வந்தால் கத்தி மாதிரி குளிர். பூசாவிட்டால் கன்னம் வெடித்துவிடும்.

அப்படியானால் பெண்டாட்டியிடம் கேட்டு வாங்கிப் பூசலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கிருஷாந்தி முதல் கிரீம் போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு, "மூஞ்சிக்கு வெள்ளையடிக்கிறா" என்று அக்கம்பக்கத்தைக் கூட்டி வைத்துச் சிரித்தவன் அவன். சரி, கடையில் போய்த் தனக்கென்று ஒன்று வாங்கலாமே என்றால், வட்டகொடைக் கடையில் அழகன் முகக்கிரீம் வாங்கினான் என்ற செய்தி அவனுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். பேர் வேறு அழகன். கேட்கவா வேண்டும்.

திங்களுக்குப் பிறகு இரண்டு நாள் பூசாமல் இருந்து பார்த்தான். மூன்றாம் நாள் சிரிக்க முடியவில்லை, கன்னம் இழுத்தது. அன்றைக்குத்தான் அந்த முடிவு பிறந்தது. வீட்டில் இருக்கிற கிரீம் வாசமில்லாத கிரீமாக மாறிவிட்டால், திருட்டும் தொடரும், வேலையும் தப்பும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான்.

"கிருஷா, இங்க வா புள்ள. இது என்னா?"

"கண்ணாடிங்க."

"கண்ணாடிக்குக் கீழ?"

"முகம் கழுவ ஒன்னு. கழுவினதும் தொடைக்க ஒன்னு. வெயிலுக்கு ஒன்னு. ராத்திரிக்கு ஒன்னு. ஒதட்டுக்கு ஒன்னு, கைக்கு ஒன்னு, குதிகால் வெடிப்புக்கு ஒன்னு. ஏன், எதுவும் காணாமப் போச்சா?"

அழகன் இருமினான். சளி என்று சமாளித்தான்.

"ஒரு மனுஷிக்கு ஏழு போத்தலா? ஒரு தோலு, ஒரு கிரீமு. இந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான். ஒன்னையே எல்லாத்துக்கும் பூசணும். அதுவும் வாசம் இருக்கக்கூடாது. வாசனை தோலுக்கு ஆகாது."

"யாரு சொன்னது?"

"போன்ல ஒரு டாக்டரம்மா சொன்னாங்க."

"நீங்க போன்ல கேரம் ஆட்டந்தானே பாப்பீங்க?"

"அதுக்கு நடுவுல வந்தாங்க."

கிருஷாந்தி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கதவோரம் சாய்ந்தாள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் இருபத்திரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். யார் பொய் சொல்கிறான், யார் சாக்கை நனைத்துவிட்டு ஒளிக்கிறான் என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வாள்.

"ஏங்க, ஒரே கொழுந்துதானே செடியில இருந்து வருது? அத நீங்க எத்தன ரகமாப் பிரிக்கிறீங்க?"

"எட்டு."

"ஒரு எலையக் கொண்டுபோயி எட்டாக்கினா அது வேல. எனக்கு ஏழு இருந்தா அது குத்தமா?"

அழகன் இதை எதிர்பார்க்கவில்லை. வருகிற வழியில் தேயிலைச் செடிகள் இதைக் கேட்டிருந்தால் ஒரு பதில் யோசித்து வைத்திருப்பான்.

"அது யாவாரம். இது குடும்பம்," என்றான். அவனுக்கே அது சரியாகப் படவில்லை.

கிருஷாந்தி அழவில்லை, கோபிக்கவும் இல்லை. போத்தல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு ஆச்சரியமாக, "நீங்க சொல்றதும் சரிதாங்க," என்றாள்.

பதினாலு வருஷக் குடித்தனத்தில் இந்த வார்த்தையை அழகன் முதல் தடவையாகக் கேட்டான். காதில் தேன் வந்து விழுந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"வெயில் கிரீம மட்டும் விடமாட்டேன், அது வேல வேற. கழுவ ஒரு சவுக்காரம். மத்த அஞ்சுக்கும் சேத்து ஒன்னே ஒன்னு. ஆனா அப்படி ஒன்னு கடையில வாசமில்லாம கெடைக்காது. நான்தான் காய்ச்சணும். ஹட்டன்ல ரெண்டு நாள் பயிற்சிக்குப் போனேனே, அங்க சொல்லிக் குடுத்தாங்க. வாசன எடுத்த தேன்மெழுகும் தேங்கா எண்ணெயும். கன்னம், ஒதடு, கை, குதிகால், எல்லாத்துக்கும் அதுவே போதும்."

"காய்ச்சு. யாரு வேணாங்கிறா?"

"எங்க காய்ச்சுறது? அடுப்படியில மெளகாத்தூள் வாசம் ஏறிரும். தனியா ஒரு எடம் வேணும்."

அழகனுக்குப் புரிந்தது. பின்னால் இருக்கிற சின்ன அறை. அதில் அவனுடைய கேரம் போட்டும், என்றைக்காவது திருத்தலாம் என்று சேர்த்து வைத்த மூன்று ரேடியோக்களும் இருந்தன. கார்த்திகை மாதம் கிருஷாந்தி இதே அறையைக் கேட்டாள். ஒரு மேசை போட்டு, மெழுகு காய்ச்சி, சின்ன டப்பாக்களில் ஊற்றி விற்க வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. மடுவம் முடிந்து வந்தால் சாயந்தரம் முழுக்க அவளுக்கு நேரம் இருக்கிறது. "நான் பாக்குற ஒரு பெக்டரி போதும், வீட்டுக்குள்ள இன்னொன்னு வேணாம்," என்று அன்றைக்கு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். அவள் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கேரம் விளையாடப் போய்விட்டான்.

இப்போது மேல்மாடியை நினைத்தான். குணரத்தினம் ஐயாவின் மூக்கை நினைத்தான்.

"சரி, எடுத்துக்க," என்றான். "ஆனா ஒன்னு. இது என் யோசன. அது ஞாபகம் இருக்கட்டும்."

"ஒங்க யோசனதாங்க," என்றாள் கிருஷாந்தி.

மறுநாளே கேரம் போட் கட்டிலுக்கு அடியில் போனது. ரேடியோக்கள் அதற்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டன. பின் அறையில் மேசை வந்தது, சின்ன மின்சார அடுப்பு வந்தது, தராசு வந்தது. மெழுகு உருகும்போது கிண்டுவதற்கு ஆள் வேண்டியிருந்ததால் அழகனும் வந்தான். "நிறுத்தாமக் கிண்டுங்க, கட்டியாயிரும்," என்று அவள் சொல்ல, பெக்டரி அதிகாரி இங்கே கைவேலைக்காரன் ஆனான். முதல் டப்பா மணலாக இருந்தது. இரண்டாவது ஒழுகியது. மூன்றாவதை அவள் விரலில் எடுத்து, கேட்காமலே அவன் கன்னத்தில் தடவினாள்.

"என்னத்துக்கு எனக்கு?" என்று அவன் முறைப்பாகக் கேட்டான்.

"சோதிச்சுப் பாக்க ஒரு தோலு வேணாமா? ஆம்பளத் தோலு முரட்டுத் தோலு. அதுல நின்னா எதுலயும் நிக்கும்."

இதைவிட நல்ல வாய்ப்பு எந்தத் திருடனுக்குக் கிடைக்கும்? வேண்டா வெறுப்பாக நடித்துக்கொண்டு மறுகன்னத்தையும் காட்டினான். ஒரு வாரத்தில் வெடிப்பு மறைந்தது. சளியும் விட்டது. டப்பாவை மூக்கருகில் வைத்து மோந்தான், ஒன்றும் இல்லை. அவனுக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. கெட்டிக்காரிதான், கார்த்திகையிலேயே அறையைக் கொடுத்திருக்கலாம் என்றுகூட நினைத்தான். வெளியே சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமை குணரத்தினம் ஐயா மறுபடி வந்தார். சல்லடைச் சத்தத்துக்கு நடுவே அழகனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வலது கன்னம், இடது கன்னம், பிடரி. தண்டு பொறுக்குகிற பெண்களின் கை நின்றுவிட்டது. அம்மாக்கண்ணு நன்றாகப் பார்ப்பதற்காக முன்னால் வந்தாள்.

"மணமில்லை," என்றார் ஐயா கடைசியில். "நல்லது. கன்னமும் பளபளவெண்டு கிடக்கு."

அழகன் மூச்சை விட்டான்.

"அருமையான சாமான் காணும். எங்கட மனிசிக்குக் குதிவெடிப்பு நிண்டிட்டுது. நானும் கைக்குப் பூசுறன்."

அவர் போய்விட்டார். அழகன் நின்ற இடத்திலேயே நின்றான். ஐயா வீட்டுக்கு அந்த டப்பா எப்படிப் போனது? அந்த யோசனையிலேயே அன்றைக்கு அவன் ஏழு ரகம்தான் பிரித்தான். எட்டாவது எங்கே என்று கடைசியில் அம்மாக்கண்ணுதான் கண்டுபிடித்தாள்.

சாயந்தரம் வீட்டுக்குப் போனபோது, பின் அறை மேசையில் நாற்பது டப்பா வரிசையாக இருந்தது. கிருஷாந்தி ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். பத்து மடுவத்துத் தாய்மாருக்கு. பதினைந்து கொட்டகலைக் கடைக்கு. மீதி டிக்கோயாவில் அவள் தங்கச்சி விற்றுத் தருவாள்.

"டீமேக்கரய்யா வூட்டுக்கு எப்பக் குடுத்த?"

"ஐயா சம்சாரம் சரோஜா அக்காவுக்கா? மொத டப்பா நல்லா வந்ததுமே. அவங்க இல்லாம இதெல்லாம் நடந்திருக்குமா?"

"அவங்களுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?"

கிருஷாந்தி பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நான் ரெண்டு வருஷமா வச்சிருந்த ராத்திரிக் கிரீமுக்கு என்னா வாசம்?"

அழகன் யோசித்தான். "வாசமே இல்லையே," என்று சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

"ஆமா. அத மாத்தி ரோஜா போத்தல் எப்ப வாங்கினேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கெழம. ஐயா மோந்து பாத்தது?"

"திங்கக்கெழம," என்றான் அழகன்.

"ஒங்களுக்குச் சளி புடிச்ச வாரமாப் பாத்துத்தான் வாங்கினேன். சரோஜா அக்காகிட்டச் சொல்லி வச்சேன். திங்கக்கெழம காலையில, எங்க வூட்டு மனுஷன் சல்லடைப் பக்கம் போறதுக்கு முன்னாடி, ஐயாவ ஒரு தடவ மோந்து பாத்து மெரட்டச் சொல்லுங்க, தூள் கெட்டுறக் கூடாது, மேல்மாடிக்கு நெசமா அனுப்பிறவும் கூடாதுன்னு."

"அப்ப ஒனக்கு..."

"ரெண்டு வருஷம் நாலு மாசமாத் தெரியும். என் வெரலு அவ்வளவு பெரிய குழி போடாதுங்க."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே கிருஷா."

"ரூம் கேட்டேனே, குடுத்தீங்களா? கேட்டா இல்லம்பீங்க. நீங்களா உத்தரவு போட்டா எல்லாம் நடக்கும்."

அழகனுக்குக் கோபப்பட வேண்டும் என்று ஆசை. ஆனால் கன்னம் வெண்ணெயாக இருந்தது, மேசையில் நாற்பது டப்பா இருந்தது, பெண்டாட்டி முகம் கார்த்திகையில் சுருங்கியது போய் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. கோபம் எங்கிருந்து வரும்? கிண்டுகிற கரண்டியைக் கையில் எடுத்தான்.

அவள் ஒரு டப்பாவைத் தனியாக எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். மேலே பெரிய எழுத்தில் 'அழகன்' என்று எழுதியிருந்தது.

"இது ஒங்களது. என்னோட போத்தல்ல கைய வச்சீங்க, அடுத்த தடவ மல்லிகதான்."