ஐந்து நொடிப் பச்சை

நாற்சாலைகள் வந்து மோதும் சந்தியிலே, தாழ்ந்த தோளும் ஓங்கிய ஐயமுமாய் நின்ற சிக்னல்துறை இளம்பொறியாளனைப் பாடுவோம். ஒரு கணக்கை மும்முறை போட்டு, மூன்றும் ஒத்துவந்ததாலேயே சந்தேகப்படும் அச்செம்மல் வாழ்க.

வலப்புறம் திரும்பும் வாகனப் படை, புகையே கொடியாக, ஹாரனே முரசாக, சாலை கடக்கும் காலாட்படையையும் சைக்கிள் படையையும் நாள்தோறும் சிதறடித்து வந்தது. போன மாதம் அவன் அக்காவின் சைக்கிள் மட்கார்டையே ஒரு கார் உரசிப் போனது. அன்று சினந்தெழுந்தவன் வகுத்த வியூகம் இது: நடப்போருக்கும் மிதிப்போருக்கும் பச்சை முதலில் விழும், திரும்புவோர் மேலும் ஐந்து நொடி சிவப்பில் கிடப்பர். அதற்குள் நம்மவர் நடுச்சாலையைக் கைப்பற்றிவிட்டால் எந்த ஓட்டுநர் கண்ணுக்கும் தப்பார்.

வெள்ளோட்டத்தைக் காண மேலதிகாரி எழுந்தருளினார். பச்சை விழுந்தது. பகைப்படை சிவப்புக்கு அடங்கி நின்றது. ஆனால் நம் படையும் நின்றது. வண்டிகள் திரும்பிய பிறகே காலெடுத்துப் பழகிய கூட்டம், அவை போகட்டும் என்று காத்திருந்தது. இரு பெரும் சேனைகளும் ஒன்றையொன்று பார்த்தபடியிருக்க, ஐந்து நொடியும் கரைந்தன. அடுத்த முறையும் அப்படியே.

“தம்பி, சிக்னல்ல இருக்கிற உங்க பச்சை பொம்மை மட்டும்தான் நடக்குது,” என்றார் மேலதிகாரி. “இன்னொரு தடவை பார்ப்போம். அப்பவும் இப்படின்னா பழைய டைமிங்கையே போட்டுடுங்க.”

பக்கத்தில் சைக்கிளோடு நின்ற அக்கா திரும்பினாள். “நீ போட்ட லைட்டுதானேடா. நீயே எறங்க மாட்டேங்கிற?”

“கணக்குல எங்கயாவது தப்பிருந்தா, அக்கா?”

“இருந்தா வீட்ல நான் சொல்லிக்கிறேன். போ.”

மூன்றாம் முறை பச்சை பூத்ததும், உறுமும் உலோக வேழங்களின் முன்னே, கூட்டலையும் கழித்தலையும் வாய்க்குள் முணுமுணுத்தபடி, கண்ணை மூடலாமா என்றெண்ணி, மூடினால் விதிமீறலாகும் என்று திறந்து, வெள்ளைப் பட்டைமேல் வலக்கால் வைத்தான் நம் வீரன்; அக்காவின் சைக்கிள் மணி சங்கென முழங்க, குடையரும் கைப்பையரும் மிதிவண்டியரும் அணையுடைத்த வெள்ளமெனப் பின்தொடர்ந்து நடுச்சாலையைக் கவர்ந்தனர். ஐந்து நொடி கழிந்து வண்டிகளுக்கும் பச்சை கிடைத்தது. எதிரே நிறைந்த மாந்தரைக் கண்ட முதல் கார்க்காரர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவேயில்லை.

“இதுவே இருக்கட்டும் தம்பி,” என்று மேலதிகாரி எதிர்க்கரையிலிருந்து வாயருகே கைகுவித்துப் பிரகடனம் செய்தார்.

ஆபீசுக்குத் திரும்ப அதே சாலையைக் கடக்க வேண்டியிருந்ததால், அவன் சிக்னல் கம்பத்திலிருந்த பட்டனை அழுத்திவிட்டு மறுபடியும் நின்றான்.