இருநூற்றைம்பது பேர் வேலை பார்க்கும் பெர்லின் ஆபீஸ்

வீரபாண்டி,
பிப்ரவரி 2009.

பாசத்துக்குரிய அண்ணன் தரணீதரனுக்குத் தங்கை அனுப்பிரியா எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். பெர்லினில் உங்களைச் சுற்றித் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் காட்டாதீர்கள். படித்ததும் கிழித்து, பாதியை உங்கள் தெருக் குப்பைத்தொட்டியிலும் மீதியை வேறு தெருவிலும் போட்டுவிடுங்கள். மற்றபடி இங்கே அப்பா நலம், அம்மா நலம். நம்ம பனியன் யூனிட்டில் தையல் மிஷின்கள் எல்லாம் நலம். நாலு மாதமாக ஆர்டர் இல்லாததால் அவை ரொம்பவே நலம். நான் மட்டும்தான் நலமில்லை. கரண்ட் போயிருக்கிறது. ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, பிசிக்ஸ் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். அடுத்த மாதம் பரீட்சை என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மெயில் போட்டிருக்கலாமே என்பீர்கள். பிரவுசிங் சென்டர்க்கார அண்ணா நான் டைப் பண்ணுவதை என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறவர், சாயங்காலம் அப்பாவோடு டீ குடிக்கிறவர். அதனால்தான் தபால்.

நீங்கள் அனுப்பும் மெயிலை அவர்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து "வாசி கண்ணு" என்கிறார், நான் உங்கள் இங்கிலீஷைத் தமிழில் சொல்கிறேன். போன வருசம் ஒரு மெயில் எழுதினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? மொத்தம் ஐந்து பேர், ஒரு பழைய பேக்கரிதான் ஆபீஸ், யாருக்காவது ஏணியோ டிரில்லிங் மிஷினோ வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தில் யாரிடம் இருக்கிறது என்று சொல்லும் வெப்சைட் செய்கிறோம், ஆரம்பித்து ஒரு வருசமாகியும் இன்னும் வருமானம் இல்லை, ஆனால் பணம் போட்டவர்கள் பொறுமையாக இருக்கிறார்கள், இது தோற்றால் வேறொன்று ஆரம்பிப்போம் என்று. எனக்கு அது அப்படியே புரிந்தது. ஆனால் அதை வாசித்த நேரத்தில் சாமளாபுரம் லிங்கசாமி மாமா எதிரில் உட்கார்ந்திருந்தார். அம்மா காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடியே பக்கத்து வீட்டு அக்காவிடம் "ஏனுங்கக்கா, அந்த ஏணியைக் கொஞ்சம் இப்படிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டிருந்தாள். இந்த ஊட்டில் போய் நான் அந்த வெப்சைட்டை எப்படிச் சொல்லுவேன், நீங்களே சொல்லுங்கள்.

மாமா காலை ஆட்டிக்கொண்டே, "ஏங்கண்ணு, உங்கண்ணன் கம்பெனில எத்தன பேரு?" என்றார். "அ..." என்று ஆரம்பித்துவிட்டேன். அஞ்சு என்றுதான் சொல்ல வந்தேன். அப்பா முகத்தைப் பார்த்ததும் "அம்பது பேருங்க மாமா" என்று வந்துவிட்டது. மாமா சிரித்தார். "அம்பது பேரு எந் தறிக் குடோன்லயே இருக்கறாங்களே. மச்சான், இதுக்கா பையன ஏரோப்ளேன்ல ஏத்தி உட்டீங்க?" அப்பா டம்ளருக்குள்ளே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை. "ஒரு ஃப்ளோர்லதானுங்க மாமா அம்பது பேரு. மொத்தம் அஞ்சு ஃப்ளோருங்க" என்றேன். அந்த அஞ்சை எங்கேயாவது சேர்த்துவிட்டால் பாவம் கொஞ்சம் குறையும் என்று தோன்றியது. மாமா கால் ஆட்டுவதை நிறுத்திவிட்டு, "ப்ரொடக்ஷன் என்ன?" என்றார். "இன்னும் சாம்பிள்தானுங்க போயிட்டிருக்குது. பையர் அப்ரூவல் வரலைங்க" என்றேன். இது மட்டும் பொய்யில்லை அண்ணா, வாங்குகிற ஆள் இன்னும் சரி சொல்லவில்லை என்பதற்கு நம்ம பனியன் பாஷையில் நிஜமாகவே அதுதான் சரியான மொழிபெயர்ப்பு. அப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "பெரிய எடம்னா அப்படித்தான் இழுப்பாங்க" என்று மாமாவுக்கே பாடம் சொன்னார்.

அன்றிலிருந்து ஒன்று நடக்கிறது, சொன்னால் சிரிக்கக் கூடாது. அந்த இருநூற்றைம்பது பேரும் எனக்குள் வேலைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். கரண்ட் போய், யூனிட் ஜெனரேட்டரையும் நிறுத்திய பிறகு தெருவே அமைதியாகிவிடும் இல்லையா, அப்போது கண்ணை மூடினால் நான் அந்தப் படியில் ஏறிக்கொண்டிருப்பேன். கீழ்த் தளத்தில் ஒரு வாட்ச்மேன், ரொம்பப் பெரிய உடம்பு, பனிக்காலத்தில் மூக்கு மட்டும் சிவந்து இருக்கும், என்னைப் பார்த்ததும் தொப்பியைத் தூக்குவார். இரண்டாவது தளத்தில் நரை முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டிக்கொண்ட ஒரு அம்மா, செருப்பில்லாமல் நடந்து எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் கோளாறு பார்ப்பார். மூன்றாவது தளத்து ஜன்னலைத் திறந்தால் ஒரு ஆறு. அதில் தண்ணீர் எல்லா நாளும் ஒரே நிறத்தில் ஓடுகிறது அண்ணா, சாயமே இல்லை. வெளியே பனி விழும். நிட்டிங் ரூமில் பறக்கும் பஞ்சு மாதிரி மெதுவாகத்தான் விழும், ஆனால் யாரும் இருமுவதில்லை. நான் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்து எதையோ செய்துகொண்டிருப்பேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. யாரும் வந்து "இன்னிக்கு எத்தன பீஸ் முடிச்ச?" என்று கேட்க மாட்டார்கள். ஒரு பெண் வந்து காபி வைத்துவிட்டு, இது தோற்றுப்போனால் அடுத்து என்ன ஆரம்பிக்கலாம் என்று என்னிடமே கேட்பாள். தோற்றுப்போவதைப் பற்றி இப்படிச் சிரித்துக்கொண்டே கேட்கிற ஆளை நான் இங்கே பார்த்ததே இல்லை. இப்போது உண்மையைச் சொல்லி இவர்களில் ஒருவரைக்கூட வேலையை விட்டு நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் வினை வந்துவிட்டது. இரண்டு வருசமாக ஒரு சாம்பிள் பாஸாகவில்லை என்றால் எந்தத் தகப்பனுக்குத் தூக்கம் வரும்? போன வாரம் அப்பா சொன்னார்: "எந்த பையரும் சும்மா ரெண்டு வருசம் இழுக்கமாட்டான். தரணி கூச்சப்படற பையன், எதுத்தாப்ல ஒக்காந்து பேசத் தெரியாது. நானே போயிப் பேசறேன்." அடுத்த மாதம் எக்ஸ்போர்ட்காரர்கள் சிலர் ஜெர்மனியில் ஒரு ஜவுளிக் கண்காட்சிக்குப் போகிறார்களாம். அவர்களோடு வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து உங்கள் ஆபீஸ் வாசலில் இறங்கப்போகிறார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. "சொல்லாம போயி நின்னாத்தான் கம்பெனி லட்சணம் தெரியும்." இதோடு போயிற்றா? மிஷின் சும்மா கிடக்கிறதே என்று உங்கள் ஆபீஸ் ஆட்கள் எல்லோருக்கும் டீசர்ட் தைக்கக் கட்டிங் போட்டுவிட்டார். இருநூற்றைம்பது பீஸ். "எஸ் எத்தன, எம் எத்தன, எல் எத்தன?" என்று என்னைக் கேட்டார். நானும் கண்ணை மூடி ஒவ்வொரு தளமாக ஏறி இறங்கி எல்லோரையும் பார்த்து அளவு சொன்னேன். வாட்ச்மேனுக்கு டபுள் எக்ஸ்எல். நெஞ்சில் பிரிண்ட் போட உங்கள் கம்பெனிப் படம் வேண்டுமென்றார். மெயிலில் இருந்ததைக் காட்டினேன். "இதென்ன கண்ணு, ஏணி?" என்றார். "முன்னேற்றமுங்கப்பா" என்றேன். கண் கலங்கிவிட்டார். அண்ணா, எனக்கு நரகம்தான்.

இதில் என் தலையும் உருளுகிறது. பரீட்சை முடிந்து நான் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று கேட்டேன் அல்லவா? அதற்கு அப்பா சொன்ன பதில் இது: "அவன் கம்பெனியப் பாத்துட்டு வந்து சொல்றேன். நல்லா இருந்தா நீ கம்ப்யூட்டரே படி அம்மிணி. செரியில்லீன்னா அவனையும் கையோட கூட்டியாந்துருவேன், நீயும் இங்கயே எதாவது ஒரு டிகிரி படிச்சுட்டுக் கல்யாணத்தப் பாக்கலாம்." ஆக, அந்தப் பேக்கரிக் கதவைத் திறந்து ஐந்து பேரைப் பார்க்கிற நிமிசத்தில் உங்கள் பெர்லினும் என் படிப்பும் ஒன்றாகப் போய்விடும்.

ஆனால் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். நம்ம யூனிட்டைச் சோதித்துப் பார்க்க பையரின் ஆட்கள் ஆடிட் வரும் நாள் உங்களுக்கு மறந்திருக்காது. முதல் நாளே வாளிகளில் மணல் நிரப்பிச் சிவப்பு பெயிண்ட் அடிப்போம், எல்லோருக்கும் மாஸ்க் கொடுப்போம், பாத்ரூமில் புது சோப்பு தொங்கும், காலி மிஷினில் உட்கார பக்கத்து யூனிட் ஆட்களைக் கூட்டி வருவோம். போன தடவை செக்கிங் பார்க்கும் தெய்வாத்தாள் அக்காவிடம், ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்காரம்மா இங்கே எத்தனை வருசமாக வேலை என்று கேட்டபோது, சொல்லிக்கொடுத்தபடி "ஆறு வருசமுங்க" என்று சொல்லிவிட்டு, "அந்த மிஷின்ல இருக்கற பொண்ணு மட்டும் இன்னிக்குக் காத்தாலதாங்க வந்துச்சு, பாவம்" என்று சேர்த்துச் சொன்னாள். மொழிபெயர்த்தவர் நல்லவர் என்பதால் தப்பித்தோம். அதே மாதிரி நீங்களும் ஒரு நாள் செய்துவிடுங்கள். உங்களுக்கு அது சுலபம் அண்ணா. வெப்சைட்டில் ஏணிக்குப் பதிலாக ஆள் வேண்டும் என்று போடுங்கள். அக்கம்பக்கத்தில் இருநூற்று நாற்பத்தைந்து பேர் மூன்று மணி நேரத்துக்கு வந்து உட்கார்ந்தால் போதும், டீசர்ட் இலவசம். பேக்கரியில் இடம் பத்தாது என்றால் பாதிப் பேரைத் தெருவில் நிறுத்தி லஞ்ச் டைம் என்று சொல்லுங்கள். பணம் போட்டவரில் ஒருவரைப் பிடித்து, அப்பா முன்னால், பையர் துணியைத் தடவிப் பார்ப்பது போல கம்ப்யூட்டரைத் தடவிப் பார்த்து "ஓகே, அப்ரூவ்ட்" என்று சொல்லச் சொல்லுங்கள். அது போதும், அப்பா ஊர் திரும்பிவிடுவார்.

குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். ராத்திரி நேரத்தோடு சாப்பிடுங்கள். நம்ம மாரியம்மன் அங்கே குளிரிலும் உங்களுக்குத் துணை இருக்கட்டும். உங்களோடு இருக்கும் நாலு பேருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், மற்ற இருநூற்று நாற்பத்தைந்து பேருக்கு நானே ராத்திரி சொல்லிக்கொள்கிறே

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்

பி.கு.: மறுநாள் காலையில் ஹாலில் உட்கார்ந்து, எல்லோர் எதிரிலும் எழுதுகிறேன். கதவைத் தட்டியது அப்பா. கரண்ட் வந்து அரை மணி நேரமாகியும் ஏன் மெழுகுவத்தி எரிகிறது என்று கேட்கத்தான் வந்தார். கடிதத்தை வாங்கி, கதவில் சாய்ந்து நின்றபடியே கடைசி வரை படித்தார். "அஞ்சே பேருதானா?" என்றார். "ஆமாங்கப்பா." "சரக்கே விக்காம ரெண்டு வருசமாச் சம்பளம் வாங்கறாங்களா?" "ஆமாங்கப்பா." பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "நாலு மாசமா ஆர்டர் இல்ல, வருமானம் இல்ல, ஆளுகளுக்குச் சம்பளம் மட்டும் போயிட்டிருக்குது. அப்ப நம்மளுதும் அந்த மாதிரிக் கம்பெனிதானுங் கண்ணு?" பணம் போட்ட அந்தப் பொறுமைசாலிகளைக் கட்டாயம் பார்த்துப் பேச வேண்டுமாம், அதனால் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணவில்லை. வாடகைக்கு ஆள் உட்கார வைக்க வேண்டாம் என்றார், அவர் வைக்காத ஆளா, உட்காருகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவாராம். என்னை "கம்ப்யூட்டரே படி" என்று சொல்லிவிட்டார். நான் சந்தோசத்தில் அழுதேவிட்டேன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் காலையில் அப்பா அந்த ஏணி விசயத்தைச் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள். "பக்கத்து ஊட்ல ஒரு ஏணி கேக்கறதுக்குக்கூட கம்ப்யூட்டரு வேணும்னா, அங்க யாரும் யாரோடவும் பேசறதே இல்லீங்களா? எம்பையனுக்கு ராத்திரில காச்சல் வந்தா யாரு கதவத் தட்டுவான்?" இப்போது தீர்ப்பு அவள் கையில். உங்கள் பக்கத்து வீட்டுக்கென்று ஒரு டப்பா நிறைய முறுக்கு அப்பாவிடம் கொடுத்துவிடப் போகிறாள். அந்த டப்பா வெறுமையாகத் திரும்பி வந்தால் நீங்களும் ஊருக்குத் திரும்பி வர வேண்டும், நானும் அந்த மாதிரி ஊர்களுக்குப் போகிற படிப்பைப் படிக்கக் கூடாது. ஆகவே அண்ணா, இந்தக் கடிதம் கிடைத்த உடனே எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். யார் திறந்தாலும் பேர் கேட்டுப் பழகுங்கள். அப்புறம், காலி டப்பாவைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது, ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தர வேண்டும் என்பதை எப்படியாவது ஜெர்மன் மொழியில் அவர்களுக்குப் புரிய வையுங்கள்.