மேயர் மாட்டிக்கொண்ட பெஞ்சு

பினாங்கிலேயே ஒரு ஓட்டுகூட வாங்காமல் மேயரானவர் எங்கள் ஜார்ஜ் டவுன் தெருக்காரர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார். எல்லாருக்கும் அவர் 'மேயர்'.

எண்பதுகளில் எங்கள் தெருவை அழகுபடுத்தக் குத்தகைக்காரர் ஒருவரின் ஆட்கள் வந்தார்கள். மேயர் காலையிலேயே குடையோடு ஆஜராகி, கிரேனுக்குக் காட்டும் கைஜாடையில் அவர்களை வேலை வாங்கினார். அவர்கள் குழம்பிப்போய், நான் வேலை பார்த்த தையல் கடை வாசலில் நடைபாதையைக் கடைப் பக்கம் சரிவாகப் போட்டுவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் உள்ளே ஓடித்தான் வந்தார்கள். முதலாளிக்கு வியாபாரம் சூடுபிடித்த சந்தோஷம்.

கடைசியாக, பஸ் நிற்கும் தெருமுனையில் இரும்பு பெஞ்சு ஒன்றைப் பதித்தார்கள். சுவரைப் பார்த்து. பசாரிலிருந்து கனத்த பையோடு வரும் பெண்கள் அதில் உட்கார்ந்தால், முதுகுக்குப் பின்னால் பஸ் வந்து போவதே தெரியாது.

திருப்பிப் போடச் சொல்லி மேயர் கேட்டுப் பார்த்தார். யாரும் அசையவில்லை. மறுநாள் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து, சாய்மானக் கம்பிகளுக்கு நடுவே கால்களை விட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

வேலையை மேற்பார்வை பார்க்கும் இளைஞர் பதறி வந்தார்.

"அங்கிள், தப்பா உட்கார்ந்திருக்கீங்க லா."

"நான் சரியாத்தான் உட்கார்ந்திருக்கேன் தம்பி. பெஞ்சுதான் தப்பா உட்கார்ந்திருக்கு."

"பெரிய ஆபீசர் பார்க்க வராரு. எந்திரிங்க."

மேயர் எழப் பார்த்தார். முழங்கால்கள் வெளியே வரவில்லை.

"தம்பி, கால் மாட்டிக்கிச்சு." முகம் வெளுத்திருந்தது. நடிப்பில்லை.

பலகாரக் கடை அக்கா நல்லெண்ணெய் கொண்டுவந்து தடவினார். கால்கள் பளபளத்தன, விடுபடவில்லை. வேறு வழியில்லாமல் சாய்மானத்தின் திருகாணிகளைக் கழற்றினார்கள். விடுதலையான மேயர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே மெல்லக் கேட்டார்:

"எப்படியும் கழட்டியாச்சு. அந்தப் பக்கம் மாட்டினா என்ன தம்பி?"

ஆபீசரின் கார் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. இளைஞர் சாய்மானத்தைச் சுவர்ப் பக்கம் மாட்டினார்.

அதற்குப் பிறகு மேயர் அதில் உட்காரவே இல்லை. பை வைத்திருப்பவர்களை உட்காரவைத்து, பக்கத்தில் நின்று, "அக்கா, பஸ் வருது, எந்திரிங்க" என்று சொல்வார். பஸ் வருவதைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு எதற்குச் சொல்கிறார் என்று நாங்கள் சிரிப்போம்.

பிறகு ஒருநாள் மகனோடு நிபோங் திபாலுக்குக் குடிபோனார். மறுநாள் பஸ் எங்கள் கண்ணெதிரே வந்து நின்றது, போனது. நாங்கள் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்கச் சொல்ல அவர் இல்லை.