நலம் என்று எழுதலாமா, மாப்பிள்ளை?

பொதுச் சுகாதாரத் துறையின் நிதிப் பிரிவில் சுழல் நாற்காலியில் அமர்ந்து, பேனாவின் ஒரே இழுப்பில் மருத்துவமனைகளை வாழவைத்தும் வாட்டியும் வருகின்ற என் அருமை மருமகனுக்கு, சிறு வயதில் உன்னைத் தோளில் சுமந்தவனும், அந்தத் தோளை நீ எத்தனை முறை நனைத்தாய் என்பதை இன்றுவரை உன் மனைவியிடம் சொல்லாமல் மானம் காத்து வருபவனும், ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்கும், உனக்கு வாய்த்த ஒரே தாய்மாமனுமாகிய நான் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான் ███ என்று எழுதினேன். எழுதிய கையோடு அடித்துவிட்டேன். நீ பார்க்கும் அந்தக் கறுப்புக் கட்டி மைக்கறை அல்ல. நான் அடித்த சொல். ஏன் அடித்தேன் என்று போகப் போகப் புரியும். அவ்விடம் நீயும் உன் இல்லாளும் நலமாகவே இருப்பீர்கள். உங்களுக்கென்ன, உங்கள் நலத்தைச் சோதிக்க வீட்டுக்கு ஆள் வரப்போவதில்லை.

நேற்று உன் அம்மா போன் செய்தாள். "டேய், உன் மருமகன் பெரிய ஆளாயிட்டான்டா. மனநல ஆஸ்பத்திரியில ஏதோ ஒரு ரூமை மூடலாமா வேணாமான்னு அவன்தான் குறிப்பு எழுதணுமாம். அங்க ஒரு அம்மா உக்காந்து உதவித்தொகை, வாடகைன்னு ஆலோசனை சொல்லுதாம். அது வைத்தியமே இல்லையே, அதுக்கு எதுக்கு நாங்க பணம் தரணும்னு கேக்கறான். என்ன மூளை பாரு!" என்றாள். "எந்த ரூம்க்கா?" என்றேன். "மூணாம் நம்பராம்" என்றாள். போனைக் கீழே வைத்தவன், மறுபடி எடுத்து, மறுபடி வைத்து, கடைசியில் பேனாவை எடுத்துவிட்டேன்.

முதலில் ஒரு குடும்ப ரகசியம். உன் மாமாவுக்கு இருப்பது முதுகுவலி அல்ல. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் உன் அம்மா முதுகுவலி, முதுகுவலி என்று சொல்லிச் சொல்லி, அவர்கள் கொடுத்துவிட்டுப் போன தைலப் புட்டிகளை வைத்து நான் ஒரு கடையே திறக்கலாம். என் மனசு ஒரு லிஃப்ட், மாப்பிள்ளை. சில மாதம் மொட்டை மாடிக்குப் போய் நிற்கும். அப்போது காலையில் சூரியனை மேலே கொண்டுவரப் பட்டனை அமுக்குவதே நான்தான் என்று தோன்றும், தூக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோகும். சில மாதம் தரைத்தளத்துக்கும் கீழே, லிஃப்ட் குழி இருக்கிறதே, அங்கே போய் உட்காரும். என்ன தட்டினாலும் கதவு திறக்காது. ஊர் லிஃப்டையெல்லாம் சரிசெய்தவனுக்கு இந்த லிஃப்டுக்கு மட்டும் சாவி கிடைக்கவில்லை. டாக்டரிடம் போகிறேன், மாத்திரை சாப்பிடுகிறேன். வேலை பார்க்க முடியாததால் அரசாங்கம் ஒரு உதவித்தொகை தருகிறது. வாடகையும் விளக்கும் அடுப்பும் அதில்தான் ஓடுகின்றன.

அந்தத் தொகைக்கு நான் தகுதியானவன்தானா என்று பார்க்கச் சென்ற ஆண்டு ஒரு பெண்மணி வீட்டுக்கு வந்தார். நல்ல பெண்மணி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அன்றைக்குப் பார்த்து என் லிஃப்ட் மூன்றாவது மாடியில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளி. நான் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டு, தேநீர் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தேன். "மாடிப்படி ஏற முடியுமா சார்?" என்று கேட்டார். "படியா? படியெல்லாம் சாதாரண மனுஷங்களுக்கும்மா. நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே உச்சி மாடி வரைக்கும் போனவன்!" என்றேன். எழுதிக்கொண்டார். "தனியா சமைச்சுக்குவீங்களா?" "ஒரு பட்டாளத்தையே கூப்பிடுங்க, கை நனைச்சிட்டுப் போகட்டும்!" எழுதிக்கொண்டார். "புது ஆளுங்களோட பேசறதுல சிரமம்?" "எனக்கில்ல, அவங்களுக்குத்தான்!" சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். "கவலை, பயம் இந்த மாதிரி...?" "கவலை என் வீட்டு வாசலுக்கு வந்தா, செருப்பைக் கூடக் கழட்டாம ஓடிடும்மா." நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்ட ஒரே மனுஷி அவர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

பூரண ஆரோக்கியம் என்று பதில் வந்தது. உதவித்தொகை நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா, அந்தக் காகிதத்தைச் சுவரில் ஒட்டினேன்! அரசாங்கமே கையெழுத்துப் போட்டு என்னைப் பூரணன் என்று சொல்லியிருக்கிறது, சும்மாவா? பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வந்து காட்டினேன். அவரும் "ரொம்ப சந்தோஷம்" என்றுவிட்டுப் போனார். பிறகு விளக்கு அணைந்தது. வாடகை கேட்டு வீட்டுக்காரர் கதவைத் தட்டத் தொடங்கினார். அவர் தட்டும் தட்டுக்குப் பக்கத்துத் தெருவில் நாய்கள் குரைக்கும். எனக்குத் தூக்கம் போயிற்று. டாக்டரிடம் போனேன், மாத்திரையைக் கூட்டினார். மறுபடி போனேன், இன்னும் கூட்டினார். நடந்தால் உடம்புக்குள் மாத்திரை குலுங்கும் சத்தம் கேட்கும் என்கிற நிலைமை. கடைசியில் அவரே பேனாவைக் கீழே போட்டுவிட்டு, "வீட்டுக்காரர் கதவைத் தட்டுறதுக்கு என்கிட்ட மாத்திரை கிடையாது சார். மூணாம் நம்பர் ரூமுக்குப் போங்க" என்றார். கேட்டாயா மாப்பிள்ளை, என்னை அங்கே அனுப்பியது டாக்டர். உன் குறிப்பில் அதை எழுது.

மூன்றாம் எண் அறை ஒரு காலத்தில் உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுவைத்த இடம். அதில் ஒன்று இன்றும் சக்கரமில்லாமல் அங்கேயே இருக்கிறது. வருகிறவர்களுக்கு அதுதான் ஆசனம். மேசைக்குப் பின்னால் ஒரு அம்மா. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுத்தியல். பேசினால் ஆணி இறங்கும். உதவித்தொகை நின்றவனுக்கு மேல்முறையீடு, வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறவனுக்குச் சட்டம், மின்சார அலுவலகத்தோடு மல்லுக்கட்டு, எல்லாம் அந்த ஒரு தொலைபேசியில். அதை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் காத்திருப்பார். மறுமுனையில் ஒரு இசை ஓடிக்கொண்டே இருக்கும். தாழ்வாரத்தில் இருக்கும் எங்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். தபால்காரர் என்று ஒருவர் இருக்கிறார், பழைய தபால்காரர், சில குரல்கள் அவருக்கு மட்டும் கேட்கும். அந்த இசை வந்துவிட்டால் அந்தக் குரல்கள்கூட வாயைப் பொத்திக்கொள்கின்றன என்கிறார்.

சுத்தியல் என் கதையைக் கேட்டார். "எதுக்கு சார் அந்த அம்மாகிட்ட அப்படி அளந்து விட்டீங்க?"

"பின்ன, வீட்டுக்கு வந்தவங்ககிட்ட அழுது வடியச் சொல்றீங்களா மேடம்?"

"உங்க மோசமான நாள் எப்படி இருக்கும்? அதைச் சொல்லுங்க."

"என் மோசமான நாளா? அன்னைக்கு வானமே இடிஞ்சு..."

"வானம் வேணாம். உங்க வீட்டுக்குள்ள என்ன நடக்கும்?"

சொன்னேன். உன்னிடமும் சொல்கிறேன், அப்படியே: "காலையில பால் வாங்கலாம்னு கதவு வரைக்கும் போனேன். திறக்க முடியல. கதவுல கோளாறு இல்ல மேடம், கதவெல்லாம் எனக்குத் தெரியும். கைதான் போகல. அங்கேயே கதவுக்குப் பின்னால உக்காந்துட்டேன். பசிச்சுது. அடுப்பு எதிர்லயே இருந்துச்சு. அக்கா போன் பண்ணா. அவ பேரு தெரிஞ்சுது. அடிச்சு ஓயற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். இருட்டற வரைக்கும் அங்கதான் இருந்தேன்."

நான் வாழ்நாளில் ஆற்றிய உரைகளிலேயே மிகச் சிறியது இதுதான். சுத்தியல் உச்சுக்கொட்டவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. "இதைத்தான் சார் அவங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்று எழுத ஆரம்பித்தார். மேல்முறையீடு, விசாரணை, மறுபடி இசை, மறுபடி விசாரணை என்று நாயாய் அலைந்து உதவித்தொகையை மீட்டார். வீட்டுக்காரரோடு சுத்தியல் பேசிய பேச்சில் அந்த மனுஷர் இப்போது என் கதவைத் தட்டுவதில்லை. வெளியே நின்று இருமுகிறார். விளக்கு வந்தது. தூக்கம் வந்தது, மாப்பிள்ளை! யானை வந்து மிதித்தாலும் அதற்குப் போர்வை பத்தவில்லையோ என்று நினைத்துத் திரும்பிப் படுக்கிற தூக்கம். டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். இப்போது நீயே சொல், எது வைத்தியம்?

சரி, அடுத்த கூத்துக்கு வருகிறேன். அந்த அறையால் ஆரோக்கியத்துக்கு ஏதாவது பயன் உண்டா என்று பார்க்க உன் துறையிலிருந்து ஒரு கண்ணாடிக்காரரை அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? அவர் வருகிற செய்தி எங்களுக்கு முன்பே எட்டிவிட்டது. தபால்காரர் சபையைக் கூட்டினார். "ரூமு நம்மளைக் குணப்படுத்திடுச்சுன்னு காட்டணும். எல்லாரும் குணமா வாங்க!" என்றார். வந்தோம். இஸ்திரிச் சட்டை, வாரிய தலை, பளபளக்கும் செருப்பு. கையை ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கும் டீச்சரம்மா அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து நாளிதழில் தலையங்கம் படித்தார். நான் கண்ணாடிக்காரரிடம் நாட்டின் பொருளாதாரம் பற்றிப் பேசினேன். அவர் தாழ்வாரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நோயாளிங்கல்லாம் எங்க?" என்று கேட்டார். "நாங்கதான் சார்!" என்றோம் கோரஸாக. "உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு இந்த ரூம்?" என்று எழுதத் தொடங்கிவிட்டார்.

அவர் தேநீர் குடிக்கப் போன இடைவெளியில் தபால்காரர் உத்தரவைத் திருப்பிப் போட்டார். "மாத்து, மாத்து! எல்லாரும் மோசமாயிடுங்க!" அவர் திரும்பி வந்தபோது தபால்காரர் தரையில் குறுக்கே கிடந்தார். டீச்சரம்மா தீயணைப்புக் கருவிக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். நடிப்பில் நான் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறவன். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்த ரூமால எந்த முன்னேற்றமும் இல்ல" என்று முந்தைய வரியின் கீழேயே எழுதினார்.

அப்போதுதான் சுத்தியல் வெளியே வந்தார். "எந்திரிங்க தபால்காரரே, தரை ஈரம். டீச்சர், போதும், அதுக்கு ஏழாம் வாய்ப்பாடு வந்துடுச்சு. சார், நீங்க உள்ள வாங்க, எனக்குப் பதிலா ஒரே ஒரு போன் பேசுங்க" என்று கண்ணாடிக்காரரைச் சக்கரமில்லா ஆசனத்தில் உட்காரவைத்து, டீச்சரம்மாவின் உதவித்தொகை ஏன் நின்றது என்று விசாரிக்கச் சொன்னார். இசை ஓடியது. ஓடியது. அவர் முதலில் பேனாவால் தாளம் போட்டார். பிறகு டையைத் தளர்த்தினார். பிறகு எழுந்து நின்று, "யாராவது இருக்கீங்களா? மனுஷங்க யாராவது இருக்கீங்களா?" என்று தொலைபேசியைப் பார்த்துக் கத்தினார். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து தண்ணீர் கேட்டவரிடம் தபால்காரர், "டாக்டரு முதல் ரூம்ல இருக்காரு சார்" என்று வழிகாட்டினார்.

அவர் எழுதிய அந்த இரண்டு வரியும்தான் இப்போது உன் மேசையில் இருக்கும். நலமாக இருந்தால் அறை எதற்கு, நலமில்லாவிட்டால் அறையால் என்ன பயன். இரண்டு பக்கமும் கத்தி.

மாப்பிள்ளை, உன் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டைப் பல ஆண்டு பார்த்தவன் நான். உன் பிரிவு மேல்மாடி, உதவித்தொகைப் பிரிவு கீழ்மாடி. ஒருமுறை அது இரண்டுக்கும் நடுவில் ஆட்களோடு நின்றுவிட்டது. மேல்மாடிக்காரர்கள் குனிந்து பார்த்து, "இது கீழ்மாடிக்குப் பக்கமா இருக்கு, அவங்க பாக்கட்டும்" என்றார்கள். கீழ்மாடிக்காரர்கள் அண்ணாந்து பார்த்து, "மேல்மாடி சமாச்சாரம்" என்று போய்விட்டார்கள். உள்ளே இருந்த ஒருவன்கூட எந்த மாடி என்று கேட்கவில்லை. கதவு எப்போது திறக்கும் என்றுதான் கேட்டான். நான் உன் மாடிக்கு இழுத்தேன். ஏன் தெரியுமா, சக்கரத்தைக் கையால் சுற்றும் இயந்திர அறை அந்தப் பக்கம்தான் இருந்தது. மூன்றாம் எண் அறை விஷயத்திலும் சக்கரம் உன் பக்கம்தான் இருக்கிறது. சுற்று.

சுற்ற மனமில்லை என்றால் பரவாயில்லை. உன் வீட்டு முன்னறை காற்றோட்டமானது என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள். தைலப் புட்டிகள், கருவிப் பெட்டி, நான் ஆகியோர் அங்கே குடிவருகிறோம். மொட்டை மாடியில் நிற்கும் மாதங்களில் நான் விடியும்வரை பாடுவேன். உன் மனைவியிடம் இப்போதே சொல்லி வை.

என் வாயில் வரும் வாழ்த்தெல்லாம் உன்னையே சேரட்டும். நீ ஏறும் லிஃப்டெல்லாம் நிற்காமல் போகட்டும். உன் இல்லாளுக்கு என் அன்பு. அக்காவுக்கு, எந்த நாளில் போன் அடித்தாலும் எடுப்பேன் என்ற உறுதி.

இப்படிக்கு,
பூரண ஆரோக்கியம் பெற்றவன் என்று ஒருமுறை அரசாங்கத்தால் அறிவிக்கப்பட்ட உன் மாமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் சுத்தியலிடம் படித்துக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தவர், திடீரென்று, "சார், அடுத்த வாரம் உங்க உதவித்தொகை மறுஆய்வு. இவ்வளவு தூக்கம், இவ்வளவு கும்மாளம், இதை எழுத்துல குடுக்கறீங்களே!" என்றார். அதோடு விட்டாரா, தபால்காரர் தம் தொழிலறிவைக் காட்டினார்: உன் அலுவலகக் கட்டடத்துக்கு வரும் தபாலெல்லாம் கீழ்மாடியில், உதவித்தொகைப் பிரிவில்தான் பிரிக்கப்படுமாம். ஆகவே இதை முதலில் பிரித்துப் படிக்கும் கீழ்மாடி அன்பருக்கு: மேலே உள்ளது எதுவும் உண்மையல்ல. தூக்கம் பொய், சிரிப்பு பொய், யானையும் பொய். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது மட்டும் உண்மை. வேண்டுமானால் அதைப் பிரதி எடுத்துக்கொண்டு மீதியை மேல்மாடிக்கு அனுப்பவும்.

மருமகனே, அவர் அனுப்பிவிட்டாரா? எல்லாமே உண்மை. இரண்டாம் பத்தியில் அடித்த சொல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார், தெரியும். பார்த்துவிட்டு மறுபடியும் நன்றாக அடித்துவிடு.