நீச்சல் குளத்துக் குளோரினும் சம்பந்தியின் தலைமுடியும்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் வீட்டில் நானும் தங்கள் மாமியாரும், தங்கள் அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்பதை இதைப் படித்து முடித்த பிறகு தாங்களே முடிவு செய்துகொள்ளவும். தாங்களும் என் மகள் பாப்பாவும் போயிருக்கும் இடத்திலாவது வெயில் குறைவாக இருக்கட்டும். ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் ஃபோனை எடுத்தாலே தங்கள் அப்பா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார். விஷயமோ அவரைப் பற்றியது. ஆகவே தங்கள் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தங்கள் கணினியில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது தாங்கள் என்னிடம் பின்பக்கத்து நீச்சல் குளத்தைக் காட்டி, இது உப்புத் தண்ணீர்க் குளம், மெஷினே உப்பிலிருந்து குளோரினைத் தயாரித்துக்கொள்ளும், மாமா சும்மா அவ்வப்போது தண்ணீரைச் சோதித்துப் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எனக்கு அங்கேயே முதல் அதிர்ச்சி. உப்புத் தண்ணீர் என்றால் குளோரின் இல்லாத தண்ணீர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இருந்தாலும் வேலையில் இருந்த காலம் முழுக்கக் கடை கடையாகப் போய் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்தவன் நான். இது என்ன பிரமாதம் என்று ஒப்புக்கொண்டேன். சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், அதில் ஒரு மாத்திரை, நல்ல ரோஜா நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது, நிறம் வராவிட்டால் இல்லை. குழந்தைகூடச் செய்யும். ஆனால் இந்த வருஷத்து வெயிலைத் தாங்கள் பார்க்கவில்லை. தங்கள் மாமியார் துணி உலர்த்தப் போனால், கொடியின் அந்த முனைக்குப் போவதற்குள் இந்த முனையில் போட்டது காய்ந்துவிடுகிறது. மெஷின் தயாரிக்கிற குளோரினையெல்லாம் வெயில் உடனுக்குடன் உறிஞ்சிவிட்டது. ரோஜா நிறம் வெளிறிக்கொண்டே வந்தது. தண்ணீர் பச்சையாகிக்கொண்டே வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கள் பெற்றோர் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் வீட்டு ஏசி பழுதாம். தங்கள் அப்பா நேரே பின்பக்கம் போய்க் குளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, இது நீச்சல் குளமா, கீரைப் பாத்தியா?"

பெண்ணைக் கொடுத்தவன் ஆயிற்றே, உடனே காரியத்தில் இறங்கினேன். குளத்துச் சாமான் விற்கும் கடைக்கு ஃபோன் போட்டேன். எடுத்த அம்மாள், "ஒரு ஷாக் குடுங்க சார், சரியாயிடும்" என்றாள். எந்த ஒயரைத் தண்ணீரில் விடுவது என்று கேட்டேன். அவள் பொறுமையாக, ஷாக் என்றால் மொத்தமாக நிறைய குளோரின் ஊற்றுவது, வெயில் தாழ்ந்ததும் ஊற்ற வேண்டும், அளவு இறங்கும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது என்று விளக்கினாள். அப்படியே ஒரு கேன் ஊற்றினேன். மெஷினையும் முழு வேகத்தில் வைத்தேன். வெயில் மறுபடி திருடிக்கொண்டு போகாமலிருக்கக் குளத்துக்குப் போர்வையும் போர்த்தினேன்.

மறுநாள் போர்வையை விலக்கினால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. சோதித்தேன். ரோஜா நிறம் துளிகூட இல்லை. குழாயில் வெறும் தண்ணீர் மாதிரியே நின்றது. அவ்வளவு குளோரினும் எங்கே போயிற்று என்று எனக்குத் தலை சுற்றியது. இன்னொரு கேனை ஊற்றிவிட்டுச் சோதித்தேன். நிறமில்லை. மாத்திரை பழசோ என்று புதுப் பெட்டியைப் பிரித்தேன். நிறமில்லை. இன்னொரு கேன். குளோரின் அளவுக்கு மேல் போனால் அந்த ரோஜா நிறத்தையே வெளுத்துத் தின்றுவிடும், பார்ப்பவனுக்குக் குளோரினே இல்லாத மாதிரித் தெரியும் என்ற உண்மையைக் கடைக்கார அம்மாள் எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள். மூக்கு எரிந்தது வாஸ்தவம்தான். சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கள் அப்பா துண்டோடு வந்தார். இறங்கலாமா என்று என்னைக் கேட்டார். அவர் என்னைக் கேட்டுச் செய்த ஒரே காரியம் இதுதான். நான் சொன்ன பதில் இப்போதும் காதில் கேட்கிறது: "தாராளமா இறங்குங்க சம்பந்தி. குளோரின் மருந்துக்குக்கூட இல்ல."

காலையில் இறங்கியவர் மதியம்வரை மிதந்தார். சாப்பிடக் கூப்பிடப் போன தங்கள் மாமியார் படியோரம் அப்படியே நின்றுவிட்டாள். குளத்திலிருந்து ஏறி வந்தவரைப் பார்த்து, "நீங்க யாருங்க? யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?" என்றாள். நானும் ஒரு கணம் பக்கத்து வீட்டுப் பெரியவர் சுவரேறி வந்துவிட்டார் என்றே நினைத்தேன். தலையெல்லாம் வைக்கோல் நிறம், மீசை அதைவிட மோசம், வெயில் பட்ட முடியெல்லாம் சுத்த வெள்ளை. கண் மட்டும் சிவப்பு. எங்கள் அதிர்ச்சி தன் உடற்கட்டைப் பார்த்துத்தான் என்று எண்ணி அவர் நெஞ்சை நிமிர்த்தினார். அப்புறம் கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்தார். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை, தங்கள் சம்பந்தம் பேசிய அன்று அவர் என் வழுக்கையைப் பார்த்துக்கொண்டே, எங்க வம்சத்துல நரையே கிடையாது என்று சொன்னவர். பாப்பாவின் வாழ்க்கையையே ஒரு கேன் குளோரினில் கரைத்துவிட்டேனோ என்று கதவுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டேன், கண்ணை நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னேன், சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தேன். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என் பையனுக்குத் தெரியாது சம்பந்தி. இவளுக்கே தெரியாது."

கடைக்குப் போயிருந்த தங்கள் அம்மா அதற்குள் வந்து என் பின்னால் நின்றிருந்தார்கள். பையைக் கீழே வைத்தார்கள். கோபப்படவில்லை.

"கதவைத் திறங்க. பாத்ரூம் சுவத்துல கறுப்புக் கறையைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை தேஞ்சு போச்சு. என்னைக்காவது அது என்னன்னு கேட்டிருக்கேனா?"

தாழ்ப்பாள் விலகியது. தங்கள் அம்மா அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். ஈர முடியை விரலால் ஒதுக்கிவிட்டார்கள்.

"இத்தனை நாளும் யாரோ தம்பிகூட வெளிய போற மாதிரி இருந்துச்சு. இப்பத்தான் என் வீட்டுக்காரரோட போற மாதிரி இருக்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் தங்கள் மாமியாரும் சமையலறைக்குள் போய்விட்டோம். அங்கே நின்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குளோரின் நெடி என்றாள்.

இப்போது மெஷினை நிறுத்தி, போர்வையை எடுத்துவிட்டு, வெயிலை அதன் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறேன். இன்று மாலை ரோஜா நிறம் ஒழுங்காக வந்தது. நடந்தது நடந்தபடி இதுதான். முழுப் பொறுப்பும் என்னுடையது. இனி அந்தக் குளத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். தாங்களும் பாப்பாவும் நோய்நொடியின்றி, நல்ல கறுப்பு முடியோடு நெடுநாள் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: அனுப்புவதற்குள் தங்கள் அப்பா உள்ளே வந்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் நின்று முழுவதையும் படித்தார். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், ஒரே ஒரு திருத்தம் போதும் என்றார். அழிக்கும் பொத்தான் எதுவென்று எங்கள் இருவருக்கும் தெரியாததால் இங்கேயே எழுதுகிறேன். மேலே உள்ள எதையும் தாங்கள் படிக்கவில்லை. கோடை முழுவதும் குளோரின் அளவு கச்சிதமாக இருந்தது. தங்கள் அப்பா தாமே யோசித்து, மனமுவந்து தலைக்குச் சாயம் பூசுவதை விட்டுவிட்டார். அன்று அவர் இரவல் வாங்கி உடுத்திய, தங்கள் அலமாரியில் திரும்ப மடித்து வைத்திருக்கிற கருநீல நீச்சல் உடை, வாங்கும்போதே வெள்ளைதான்.